அம்மா போடுகிற சத்து மாத்திரைகள்: எதை வைக்க, எதை நிறுத்த?

வீரவநல்லூர்காரன்:

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்குக் காலையில் ஒரு மாத்திரை. இரண்டும் டாக்டர் எழுதியது, ரொம்ப வருஷமாக ஓடுகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்கு மேல் சேர்ந்திருக்கிற சத்து மாத்திரைகளில்தான்.

முட்டுவலிக்குப் பார்த்த இடத்தில் எழுதிய கால்சியம். அங்கேயே வாரம் ஒன்று என்று கொடுத்த 60,000 ஐ.யு. (வைட்டமின் அளவைச் சொல்கிற யூனிட்) வைட்டமின் டி பொடி. வாய்ப்புண் வந்தபோது மெடிக்கலில் கேட்டு வாங்கி, புண் ஆறிய பிறகும் நிற்காத பி காம்ப்ளக்ஸ். அக்கா ஷார்ஜாவிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் கொடுத்தனுப்புகிற மல்டிவைட்டமின் டப்பா. முடி கொட்டுகிறது என்றதும் மயினி வாங்கிக் கொடுத்த பயோட்டின். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு ஆள் சொல்லி வீட்டுக்குள் வந்தது, வந்தது எதுவும் திரும்பப் போகவில்லை. காலையில் தைராய்டு மாத்திரை போட்டுவிட்டு, காபி குடிக்கும்போதே மற்றதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறாள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் சித்தி வீடு, டவுனில் மாமா வீடு, எங்கே போனாலும் டிவி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய இதேதான். நிறுத்து என்று சொன்னால் "சத்துதானே, கூடினால் உடம்பு எடுத்துக்கிட்டுப் போகுது" என்கிறாள். அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. எது தேவை, எது தேவையில்லை, எதை எதோடு சேர்த்துப் போடக்கூடாது? உங்கள் வீடுகளில் எப்படி?

பாளை மருந்துக்கடை:

தம்பி, பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறதைச் சொல்கிறேன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சத்து மாத்திரை வாங்க வருகிறவர்களில் இப்போது அதிகம் பேர் கையில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வருகிறார்கள். முழு உடல் பரிசோதனை என்று ஒரு பேக்கேஜ் எடுப்பார்கள், அதில் வைட்டமின் டி, பி12 இரண்டும் இருக்கும், இரண்டில் ஒன்றாவது சிவப்பில் வரும். டாக்டரிடம் போகாமல் நேரே கடைக்கு வந்துவிடுவார்கள். அடுத்தது ஓய்வு பெற்ற ஆட்கள். எப்போதோ எழுதிய சீட்டை நான்காக மடித்து பர்ஸில் வைத்திருப்பார்கள், மாதம் பிறந்தால் அதே மாத்திரை. யாராவது ஒருவர் இதை இன்னும் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தால் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு இளவட்டம்: முடிக்குப் பயோட்டின், முகத்தில் தடவ வைட்டமின் ஈ கேப்சூல், ஜிம்முக்குப் போகிறவன் என்றால் புரோட்டீன் பொடியோடு ஒரு மல்டிவைட்டமின். 2020-ல் கொரோனா சமயத்தில் வைட்டமின் சி, ஜிங்க் என்று ஆரம்பித்தவர்களில் ஒரு கூட்டம் இன்னும் விடவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பிசானம் அறுப்பு முடிந்ததும் வருவார்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பிள்ளைகள் வருவார்கள். "அசதியா இருக்கு அண்ணாச்சி, ஒரு சத்து மாத்திரை குடுங்க." ஒரு அட்டைகூட வாங்க மாட்டார்கள், நாலு மாத்திரை வெட்டி வாங்குவார்கள். ஒண்ணுக்கு மஞ்சளாகப் போனால் மாத்திரை வேலை செய்கிறது என்று நம்புவார்கள். அது ரிபோஃப்ளேவின், அதாவது பி2, மிச்சம் வெளியே போகிறது, அவ்வளவுதான். உண்மையில் அவர்களுக்கு ரத்தசோகை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். நாலு மாத்திரையில் அது தெரியப்போவதில்லை. பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள். தேவை இருக்கிறவன் நாலு மாத்திரையோடு போகிறான், தேவை இல்லாதவன் மாதக்கணக்கில் போடுகிறான் என்பதுதான் இத்தனை வருஷத்தில் எனக்குப் பட்டது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். முதல் வேலை, நேரத்தைப் பிரியுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் காபிகூட வேண்டாம். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மல்டிவைட்டமினிலும் இரும்பு, கால்சியம் இருக்கும், அதுவும் இந்தக் கணக்கில்தான். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். பல பேர் தைராய்டு கட்டுக்குள் வரவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கேட்டுப் பார்த்தால் காரணம் இதுவாக இருக்கும்.

அப்புறம் பயோட்டின். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம் அளவுதான். முடிக்கென்று விற்கிற மாத்திரையில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பல லேப் மெஷின்கள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோன் அளவையே பார்க்கின்றன. அதனால் ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் தைராய்டு டெஸ்ட்டில் பார்க்கிற இரண்டு ஹார்மோன்களில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். தைராய்டு அதிகமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். மாரடைப்புக்குப் பார்க்கிற டிரோபோனின் சோதனையையும் இது கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-லேயே எச்சரித்திருக்கிறது. தைராய்டு டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னாலாவது நிறுத்த வேண்டும், லேபில் சொல்லவும் வேண்டும். பயோட்டின் குறைபாடே அபூர்வம், அதனால் என்னைக் கேட்டால் அது அவர்களுக்குத் தேவையே இல்லை. முடி கொட்டுவதற்குத் தைராய்டையும் ரத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி சிஸ்டர்:

அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் பட்டியலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இருக்கிற மாத்திரைகள் இல்லை, பார்க்காமல் விட்டது. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 குறையும். உணவில் இருக்கிற பி12-ஐக் குடல் உறிஞ்சுவதை அது தடுக்கிறது, அளவு கூடக்கூட, வருஷம் ஆக ஆக இது அதிகம். பிரிட்டனில் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-ல் இதைப் பரவலாக வரும் பக்கவிளைவு என்றே அறிவித்தது. அசிடிட்டிக்கு என்று தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் குறையும். வீடு சைவ வீடு என்றால் இன்னும் சீக்கிரம்.

நம் ஊரில் சர்க்கரை மாத்திரை இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2021-ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து மாத்திரையை விட்டுவிடாமல் போடுகிறவர்கள் அதிகம், அது ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, செருப்பு கழன்றுகூடத் தெரியவில்லை என்று ஆச்சிமார் சொல்லும்போது எல்லோரும் "சர்க்கரை இருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சர்க்கரையால் கெட்ட நரம்பைத் திருப்புவது கஷ்டம். பி12 குறைவை நேரத்தில் பிடித்தால் சரி செய்துவிடலாம். உங்கள் அம்மாவிடம் கால் எரிச்சல், மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து புண்ணாவது இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வாய்ப்புண்ணே அதனால் வந்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல். மல்டிவைட்டமினிலும் பி காம்ப்ளக்ஸிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கும். பி12 குறைவால் வருகிற ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரியாக்கிக் காட்டிவிடும், உள்ளே நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். நான் பயப்படுவது இதற்குத்தான். பி6-ம் கவனிக்க வேண்டியது. நரம்புக்கு நல்லது என்று இரண்டு மூன்று மாத்திரையில் அது சேர்ந்து வரும், அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதே கை கால் மரமரப்பை அதுவே உண்டாக்கும். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் பைரிடாக்ஸின் (பி6-ன் இன்னொரு பெயர்) எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துக் கூட்டிப் பாருங்கள்.

நாங்கள் கையில் கொடுக்கிற மாத்திரையின் கதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல். கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த சிவப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறோம். அதைப் போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் விட்டுவிட்டு, வெளியே காசு கொடுத்து டானிக் வாங்கிக் குடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். போடுகிறவர்களும் டீயோடு போடுவார்கள். டீ இரும்பை உறிஞ்ச விடாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும், கூட ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பது மாத்திரையால், பயப்பட வேண்டாம். இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் போடுகிறார்கள். சொல்ல நேரம் இல்லாமல் போகிற நாளில்தான் விட்டுவிடுகிறார்கள்.

கல்லிடை, இப்போது நியூஜெர்சி:

டப்பா அனுப்புகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இது ஊரே செய்கிற பழக்கம். 2017-18 அரசுக் கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 57.6 சதவீதம் பேர் அந்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு சத்து மாத்திரை எடுத்திருந்தார்கள். பெண்களில் 63.8, ஆண்களில் 50.8. வயது ஏற ஏற இது கூடுகிறது, 60 தாண்டிய பெண்களில் 80.2 சதவீதம். முதலிடம் மல்டிவைட்டமினுக்கு, அடுத்தது வைட்டமின் டி, ஒமேகா-3. இந்த மாத்திரைகளை விற்பதற்கு முன்னால் இன்ன நோய்க்கு வேலை செய்கிறது என்று நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை, 1994-ல் வந்த சட்டம் அப்படி. மளிகைக் கடையில் அரிசிக்குப் பக்கத்து வரிசையில் கிடக்கும், பெரிய டப்பா, தள்ளுபடி வேறு. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் இடம் இருந்தால் அம்மா அப்பாவுக்கு என்று எடுத்து வைக்கத் தோன்றும். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன செய்ய முடியும் என்ற தவிப்பு அது. அதனால் உங்கள் அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பலன் என்ன என்று பெரிதாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 25,871 பேரை வைத்து வைட்டமின் டி தினம் 2,000 ஐ.யு. கொடுத்துப் பார்த்த விடால் ஆய்வில், புற்றுநோய் வருவதும் மாரடைப்பு வருவதும் குறையவில்லை. 2022-ல் அதே ஆய்வின் எலும்பு முறிவுக் கணக்கு வந்தது, அதிலும் குறைவு இல்லை. வைட்டமின் ஈ 400 ஐ.யு. தினமும் எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-ல் வெளியானது. அந்தப் பச்சை கேப்சூலை உடம்பு மினுங்கும் என்று வருஷக்கணக்கில் விழுங்குகிற மாமாக்கள் நம் பக்கம் நிறைய. மல்டிவைட்டமினைப் பொறுத்தவரை 60 தாண்டியவர்களுக்கு ஞாபகசக்தியில் சின்ன முன்னேற்றம் தெரிந்த ஆய்வும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் பெரிதாக இல்லை என்பதுதான் மொத்தத்தில் என் புரிதல்.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று உண்டு. இங்கே சத்து மாத்திரை அதிகம் எடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் படித்தவர்கள், வசதி இருக்கிறவர்கள், ஏற்கனவே காய்கறி பழம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள். அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்து மாத்திரையால் என்று நினைத்துக்கொள்கிறோம். மருந்துக்கடை அண்ணாச்சி கவுண்டரில் பார்த்ததும் இதுவும் ஒன்றுதான்.

தென்காசி வாத்தியார்:

"கூடினால் உடம்பு எடுத்துக்கிட்டுப் போகுது" என்பதற்கு என் அப்பாவின் கதையைப் பதிலாகச் சொல்லுங்கள். பி, சி வகைகளில் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும் என்பது சரி. டி, ஏ, ஈ, கே கொழுப்பில் கரைகிறவை, உடம்பில் தங்கும்.

இடுப்பு வலிக்குக் காட்டின ஒரு கிளினிக்கில் அப்பாவுக்கு 60,000 ஐ.யு. கேப்சூலும் கால்சியமும் எழுதினார்கள். வாரம் ஒன்று என்பது ஆங்கிலச் சுருக்கெழுத்தில் சீட்டின் ஓரத்தில் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை, அட்டையின் மேலும் யாரும் எழுதித் தரவில்லை. அப்பா மற்ற மாத்திரைகளைப் போல அதையும் தினமும் போட்டுவிட்டார். கணக்குப் பாருங்கள், ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யு. போதும், 70 தாண்டினால் 800. ஒரு கேப்சூல் என்பது 100 நாள் அளவு. அதை ஒரே நாளில், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும்.

முதலில் பசி போயிற்று, பிறகு வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், ராத்திரி எத்தனையோ தடவை எழுந்து போவது. சர்க்கரையோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. கடைசியில் பேச்சு குழறி, ஆளை மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார். வயசாயிற்று, மறதி என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டு வரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ரத்தத்தில் கால்சியம் பார்த்தார். ஏகத்துக்கு ஏறியிருந்தது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும் ஏறியிருந்தது. டிரிப் ஏற்றிச் சரி செய்தார்கள். டி கொழுப்பில் தங்கியிருப்பதால் முழுக்க இறங்க மாதங்கள் ஆயின. சிறுநீரகம் தப்பித்தது பெரிய காரியம். எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு நிமிஷம் செலவழித்து "வாரத்துக்கு ஒண்ணுதான் தாத்தா, இத்தனை வாரத்தோடு நிறுத்திடணும்" என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

உங்கள் அம்மா டி பொடியை எத்தனை வாரமாகப் போடுகிறாள்? பொதுவாக எட்டு வாரம் கொடுத்துவிட்டு, பிறகு மாதம் ஒன்று என்று குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ஷார்ஜா டப்பாவிலும் டி இருக்கும், கால்சியம் மாத்திரையிலும் டி சேர்த்தே இருக்கும், மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

பேட்டை ராமலிங்கர் தெரு:

இவ்வளவு மாத்திரைப் பேச்சு எதற்கு? முருங்கைக்கீரை, கேழ்வரகு, உளுந்தங்களி, கருப்பட்டி, பழைய சோறு. நம் தாத்தா பாட்டி எந்த டப்பாவையும் பார்த்ததில்லை. பழைய சோற்றில் இல்லாத வைட்டமினா?

சேரன்மகாதேவி சிஸ்டர்:

அண்ணே, நீங்கள் சொன்ன அத்தனையும் நல்ல சாப்பாடு, நானே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ-யாக மாறுகிற சத்தும் இரும்பும் ஏராளம். சாளை மீனும் முள்ளோடு தின்கிற நெத்திலியும் சேர்த்துக்கொண்டால் இன்னும் விசேஷம். ஆனால் செடியிலிருந்து வருகிற எதிலும் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான். பழைய சோற்றில் பி12 நிறைந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மெட்ஃபார்மின் போடுகிற ஒரு ஆச்சியை விட்டுவிட முடியாது. வைட்டமின் டி-யும் கீரையில் கிடையாது. தாத்தா பாட்டி வயலில் உச்சி வெயிலில் நின்றார்கள், பத்து மணிக்கு ஏசி ரூமுக்குள் போகவில்லை.

முக்கூடல் அக்கா:

வெயில் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பொம்பளைகள் பீடி சுற்றுகிறோம். விடிந்ததிலிருந்து சொளவை மடியில் வைத்து வீட்டுக்குள்ளோ தார்சாவிலோ உட்கார்ந்தால் வேலை முடிய சாயந்தரம். முதுகு வலி, இடுப்பு வலி, மாடிப்படி ஏறினால் தொடை வலி, எல்லோருக்கும். வெயில் கொளுத்துகிற ஊரில் வெயில் சத்து குறைவு என்று டாக்டர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. காலையில் ஏழு மணிக்கு வாசல் தெளிக்கும்போது படுகிற வெயில் போதாதா? இன்னொன்று, எங்கள் வீட்டுக்காரர் பீடி குடிப்பதை விடமாட்டேன் என்கிறார், அதற்குப் பதிலாக நுரையீரலுக்கு நல்லது என்று யாரோ சொன்ன ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் தினமும் போடுகிறார். போடலாமா?

பாளை மருந்துக்கடை:

அக்கா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அந்த அட்டையின் பின்னால் பீட்டா கரோட்டின் என்று இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பின்லாந்தில் புகை பிடிக்கிற 29,133 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை இதே காரணத்தால் 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம் அதிகம். காப்பாற்றும் என்று நினைத்துக் கொடுத்தது கெடுதலைக் கூட்டியது. காரட்டும் கீரையும் சாப்பிடுவதில் பயம் இல்லை, கேப்சூலில் வருகிற அளவுதான் ஆபத்து. பீடியை விடாமல் அதற்கு மாற்றாக ஒரு மாத்திரை உலகத்தில் கிடையாது. அதை உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிவந்தால் நானே உட்கார்ந்து பேசுகிறேன்.

வெயில் விஷயம். தோலில் டி உண்டாக்குகிற கதிர் காலை ஏழு மணி வெயிலில் மிகக் குறைவு. திருப்பதியில் பார்த்த ஆய்வில் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் நன்றாகக் கிடைத்தது, நம் ஊருக்கும் அதே மாதிரிதான் இருக்கும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் முகமும் படுகிற மாதிரி கொஞ்ச நேரம், வாரத்தில் பல நாள். மாநிறத்துக்கு மேல் கறுத்த தோல் என்றால் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் படுகிற வெயிலில் பயன் இல்லை. சித்திரையில் மயக்கம் வருகிற அளவுக்கு நிற்கச் சொல்லவில்லை, இலை காய வைக்கிற, துணி எடுக்கிற வேலையை அந்த நேரத்துக்கு மாற்றினாலே போதும். உங்கள் தெருக்காரர்களுக்குத் தொடை வலியும் படி ஏற முடியாமையும் இருக்கிறது என்றால் அது நிஜமாகவே டி குறைவாக இருக்கலாம், அவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம். நல்ல உடம்போடு இருக்கிற 75 வயதுக்குக் கீழானவர்கள் சும்மா டி டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்றுதான் 2024-ல் அமெரிக்க ஹார்மோன் டாக்டர்கள் சங்கம் சொன்னது. வலியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிற உங்களுக்கு அது பொருந்தாது.

வீரவநல்லூர்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சொன்ன மாதிரி கூட்டிப் பார்க்கச் சொல்லி அம்மாவோடு போனில் உட்கார்ந்தேன். டி பொடி, கால்சியம் மாத்திரை, ஷார்ஜா டப்பா மூன்றிலும் டி இருக்கிறது. வாரம் ஒன்று என்று சரியாகத்தான் போடுகிறாள், ஆனால் எட்டு வாரம் என்பதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. பாதம் எரிகிறதா என்று கேட்டதற்கு, ராத்திரியில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு படுப்பதாகச் சொல்கிறாள். இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை. பயோட்டினையும் ஷார்ஜா டப்பாவையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். டாக்டரிடம் போகும்போது என்ன டெஸ்ட் கேட்க வேண்டும்? பி12-க்கு ஊசிதான் போட வேண்டுமா? அம்மாவுக்கு மாத்திரையைவிட ஊசியில்தான் நம்பிக்கை.

சேரன்மகாதேவி சிஸ்டர்:

தம்பி, இந்த டெஸ்ட் எடுங்கள் என்று நாமாகக் கேட்பதைவிட, எல்லா அட்டையையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் வையுங்கள், எது எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கால் எரிச்சலை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பி12, ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை இவற்றை அவரே எழுதுவார். டி-யும் பார்க்கலாம், இவ்வளவு நாள் போட்டதால். மெட்ஃபார்மினையும் தைராய்டு மாத்திரையையும் மட்டும் நீங்களாக எந்தக் காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம். பி12 குறைகிறது என்பதற்காக மெட்ஃபார்மினை விட வேண்டியதில்லை, பி12-ஐச் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

ஊசி, மாத்திரை இரண்டும் வேலை செய்யும். 1,000 மைக்ரோகிராம் போல அதிக அளவு மாத்திரையில் கொஞ்சம் எப்படியும் உடம்பில் சேர்ந்துவிடுகிறது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையே போதும். ரொம்பக் குறைந்திருந்தாலோ நரம்புக் கோளாறு தெளிவாகத் தெரிந்தாலோ முதலில் ஊசியில் ஆரம்பித்துப் பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். எதைக் கொடுத்தாலும் அளவு, எத்தனை மாதம், மறுபடி எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் அங்கேயே கேட்டு, அட்டையின் பின்னால் தமிழில் பேனாவால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ராத்திரி கால் எரிகிறதென்றால் அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள்.